கோலாலம்பூர் – சிங்கப்பூர்: ஆகாயத்தில் 48 நிமிடம், மற்றதெல்லாம் தரையில்

செந்தூல்வாசி:
போன மாதம் சிங்கப்பூரில் அக்கா மகளுக்குப் பரிசம். பேருந்தில் போகலாம் என்றேன், வீட்டுக்காரர் கேட்கவில்லை. "முந்நூறு கிலோமீட்டர்தானே, கண்ணை மூடித் திறந்தா சாங்கி ஏர்போர்ட்" என்றார். டிக்கெட்டிலும் ஒரு மணி பத்து நிமிடம் என்றுதான் போட்டிருந்தது.

விமானம் காலை பத்தரைக்கு. ஆறரைக்கே கிளம்பினோம். பேருக்குத்தான் அது கோலாலம்பூர் விமான நிலையம், இருப்பதென்னவோ ஊருக்கு வெளியே சிப்பாங்கில். நகரில் உள்ள கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஏறினால் விரைவு ரயில் 28 நிமிடத்தில் கொண்டுபோய் விடும். பெட்டியும் சீர்த்தட்டுச் சாமானுமாக சென்ட்ரல் போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. அப்புறம் பெட்டி போட ஒரு வரிசை, குடிநுழைவில் (பாஸ்போர்ட் சோதனையில்) ஒரு வரிசை, ஓயாத நடை. விமானம் மேலே போய் பெல்ட் விளக்கு அணைந்தது. தண்ணீர் கேட்கலாமா என்று யோசிப்பதற்குள் இறங்கப்போகிறோம் என்று அறிவிப்பு! சக்கரம் எழும்பியதிலிருந்து மறுபடி தரை தொட்டது வரை என் கடிகாரத்தில் 48 நிமிடம்.

அக்கா வீடு ஜூரோங்கில். சாங்கி இருப்பது சிங்கப்பூர்த் தீவின் கிழக்குக் கோடியில், ஜூரோங் மேற்கே. தானா மேராவில் ரயில் மாறி, வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி ஒன்றரை. ஆக, ஏழு மணி நேரம். நல்ல வேளை, பரிசம் மாலையில். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மலேசியாவிலிருந்து பேருந்து வரும் துவாஸ் இரண்டாம் பாலம் அக்கா வீட்டுப் பக்கம்தான்.

ஜோகூர் மருமகன்:
பேருந்தை ரொம்பப் புகழாதீர்கள், அக்கா. சாலை சுமார் 350 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம் என்பதெல்லாம் சாதாரண நாளில். நான் தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஜோகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் பாலம் வழியாகப் போனேன். 1924ல் திறந்த பாலம், நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். அதைத் தாண்ட மூன்று மணி நேரம்! குடிநுழைவுக்காக இரண்டு பக்கமும் மூட்டை முடிச்சோடு இறங்கி ஏற வேண்டும். சிங்கப்பூர்ப் பக்கம் முத்திரை வாங்கி வெளியே வந்தால் என் பேருந்தைக் காணோம். வேறு பேருந்தில் நின்றுகொண்டே போனேன். விமானத்தில் அப்படி விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

பழைய ரயில் பயணி:
எங்கள் காலத்தில் இரவு ரயில். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்தில் ஏறிப் படுத்தால் விடியும்போது கோலாலம்பூர். ஒரு வேடிக்கை: 1998க்குப் பிறகு சிங்கப்பூர் குடிநுழைவு உட்லண்ட்ஸுக்குப் போய்விட்டது, மலேசிய அதிகாரிகள் மட்டும் தஞ்சோங் பகாரிலேயே இருந்தார்கள். சிங்கப்பூரை விட்டுக் கிளம்புமுன்பே மலேசியாவுக்குள் நுழைந்துவிடுவோம்! 2011ல் அந்த நிலையத்தை மூடினார்கள். 90 நிமிட அதிவேக ரயில் வரும் என்று 2016ல் ஒப்பந்தம் போட்டார்கள், 2021 பிறக்கும்போது அதுவும் ரத்தானது.

செந்தூல்வாசி:
தம்பி சொன்னதும் சரிதான். ஆனால் திரும்பும்போது செவ்வாய்க்கிழமை, துவாஸ் வழிப் பேருந்து. வாசலிலிருந்து வாசலுக்கு ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டுக்காரர் வழியெல்லாம் தூங்கிவிட்டு, "பேருந்து ரொம்பக் குலுக்கல்" என்கிறார்.