பழைய டிஃப் கோப்புகளைப் பிடிஎஃப் ஆக்கிய அனுபவம்

அப்பா வேலையில் இருந்தபோது ஸ்கேன் செய்து வைத்த வரைபடங்களும் கடிதங்களும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் கிடந்தன. பெரும்பாலும் டிஃப், கொஞ்சம் பிசிஎக்ஸ்; இரண்டும் பழைய படக்கோப்பு வடிவங்கள். போனில் திறக்க முடியவில்லை என்றான் தம்பி. சரி, மொத்தத்தையும் பிடிஎஃப் ஆக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு நாளில் முடியும் என்று நினைத்த வேலை மூன்று வாரம் இழுத்தது.

முதலில் ஒரு இலவச மென்பொருளில் கோப்புறையை அப்படியே போட்டேன். பிழைச்செய்தி எதுவும் வராததால் எல்லாம் சரி என்றே நம்பினேன். டிஃப் கோப்பு ஒன்றுக்குள் பல பக்கங்கள் இருக்கலாம். அந்த மென்பொருளோ முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த கோப்புக்குப் போயிருந்தது. 32 பக்க ஒப்பந்தம் ஒரே பக்கமாக நின்றதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. நல்லவேளை, மூலக் கோப்புகளை அழிக்கவில்லை. இப்போதெல்லாம் மாற்றியவுடன் முதல் வேலையாக மூலக் கோப்பிலும் பிடிஎஃபிலும் உள்ள பக்க எண்ணிக்கையை ஒப்பிடுகிறேன்.

அதைவிட வருத்தம் தந்தது படத்தின் தரம். ஏ4 தாளை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2480க்கு 3508 பிக்சல். கறுப்பு வெள்ளையில் பிக்சலுக்கு ஒரு பிட்தான் என்றாலும், சுருக்காமல் வைத்தால் 1 எம்பியைத் தாண்டும். அப்பாவின் பக்கங்கள் 40, 50 கேபிக்குள் அடங்கியிருந்தன. ஃபேக்ஸுக்காக உருவான குரூப் 4 முறையில், ஒரு புள்ளியும் இழக்காமல் சுருக்கப்பட்டவை அவை. மென்பொருள் அதைப் பிரித்து, தரத்தைக் கொஞ்சம் இழந்து சுருக்கும் ஜேபெக் ஆக்கிப் பிடிஎஃபுக்குள் வைத்துவிட்டது. கோப்பும் பல மடங்கு பெருத்தது, எழுத்தைச் சுற்றிச் சாம்பல் தூசியும் படிந்தது. வரைபட ஓரத்தில் அப்பா பொடி எழுத்தில் குறித்த அளவுகளில் 3 எது, 8 எது என்று தெரியவில்லை. அவர் கையெழுத்து அது. விட மனம் வரவில்லை.

குரூப் 4 தரவைப் பிடிஎஃப் நேரடியாகவே ஏற்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஐஎம்ஜி2பிடிஎஃப் என்ற, கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் மென்பொருள் அதைப் பயன்படுத்திக்கொள்கிறது. பிக்சல் எதையும் மாற்றாமல் படத்தைப் பக்கத்தில் பொருத்துகிறது, பல பக்க டிஃபையும் முழுதாக எடுக்கிறது. இரண்டாவது சுற்றில் எண்கள் எல்லாம் பளிச்சென்று வந்தன.

*

அடுத்து நான் மாட்டிக்கொண்டது ஃபேக்ஸாக வந்த டிஃப் கோப்புகளில். மாற்றியபின் ஒவ்வொரு பக்கமும் பாதி உயரத்துக்கு நசுங்கி, எழுத்துகள் படுத்துக் கிடந்தன. சாதாரணத் தர ஃபேக்ஸில் அகலவாக்கில் அங்குலத்துக்கு 204 புள்ளி, உயரவாக்கில் 98தான். இரண்டு எண்களும் கோப்பின் தகவல்பகுதியில் தனித்தனியாகச் சரியாகவே பதிவாகியிருந்தன. நான் பயன்படுத்திய மென்பொருள் அவற்றில் ஒரு எண்ணை மட்டும் படித்திருக்கிறது. ஒவ்வொரு கிடைவரியையும் இரண்டிரண்டாக அடுக்கி உயரத்தை இரட்டிப்பாக்கிய பிறகே மாற்றினேன். பக்கம் நிமிர்ந்துவிட்டது.

*

பிசிஎக்ஸ் வைத்திருப்பவர்கள் கோப்பின் வாலையும் பாருங்கள். 256 நிறப் பிசிஎக்ஸில், எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று சொல்லும் நிறப்பட்டியல் இருப்பது கடைசி 769 பைட்டில். ஃபிளாப்பியிலிருந்து எடுத்த என் கோப்பு ஒன்றில், ஒரு கடிதத்தின் ஸ்கேன் அது, அந்த வால் அறுந்திருந்தது. படம் திறந்தது, ஆனால் கண்டபடி நிறம். அதே ஸ்கேனரில் அதே அமைப்பில் எடுத்த இன்னொரு கோப்பு நல்ல நிலையில் இருந்ததால், அதன் கடைசி 769 பைட்டை, கோப்பின் பைட்டுகளை நேரடியாகத் திருத்த உதவும் ஹெக்ஸ் எடிட்டரில் நகலெடுத்து இதன் முடிவில் ஒட்டினேன். சாம்பல் நிறங்கள் ஒழுங்காக வந்தன. பிடிஎஃபில் இப்போது கடிதத்தின் மடிப்புக்கோடுகூடத் தெரிகிறது. அடியில் கையெழுத்து இருந்த இடம் மட்டும் கிடைக்கவில்லை.