கிளேஸ்: "மெருகு" போதுமா?

வணக்கம். அருங்காட்சியகக் குறிப்பட்டை ஒன்றின் வரைவில் "பச்சை மெருகிட்ட ஜாடி, பிறப்பிடம் தெரியவில்லை" என்று இருக்கிறது. கிளேஸ் என்பதற்கு "மெருகு" பொருந்துமா?

*

பொருந்தாது ஐயா. கறுப்பு-சிவப்புப் பானையின் மினுமினுப்பும் மெருகுதான். அரைகுறையாகக் காய்ந்த பானையைக் கூழாங்கல்லால் தேய்த்து வரவழைப்பது அது. அதில் கண்ணாடி துளியும் கிடையாது. களிமண் குழம்பில் தோய்த்தெடுப்பது வேறு வேலை. கிளேஸ் மூன்றாவது: சிலிக்காவும், அதை இளக்கும் சாம்பலோ ஈயமோ சூளையில் உருகிக் கண்ணாடியாக ஒட்டிக்கொள்வது. மூன்றுக்கும் ஒரே சொல் என்றால் ஜாடியின் ஊரைத் தேடுபவர் முதல் படியிலேயே வழுக்கிவிடுவார். "பளிங்குப்பூச்சு" என்று வைக்கலாமே?

*

> பளிங்குப்பூச்சு

காதுக்கு இனிமை, பொருளில் பிழை. பளிங்கு படிகம், கிளேஸ் படிகமாகாமல் உறைந்தது. "உருகுபூச்சு" என்பது என் பரிந்துரை. வினைத்தொகை என்பதால் முன்னொட்டும் எளிதில் சேரும்: சாம்பல் உருகுபூச்சு, ஈய உருகுபூச்சு.

*

"உருகு" சரி, "பூச்சு" இடிக்கிறது. உப்பு கிளேஸை யாரும் பூசுவதில்லை. சூளை 1200 டிகிரி செல்சியஸை ஒட்டி எரியும்போது உப்பை உள்ளே வீசுவார்கள். சோடியம் ஆவி பானையின் சிலிக்காவோடு சேர்ந்து ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளிபுள்ளியாகப் படியும். எனவே "உருகுபடலம்". எனாமல் தட்டுக்கும் இது பொருந்தும். அதுவும் உலோகத்தின்மேல் உருகிய கண்ணாடிதானே.

இனி அந்த ஜாடி. வெறும் "பச்சை" என்று எழுதாதீர்கள். கவிழ்த்து, படலம் படாத அடியைப் பாருங்கள். சாம்பல்நிறக் கெட்டி உடல், வெறும் இடம் செம்மண் நிறமாகச் சுட்டிருந்தால் சீனத்து லோங்சுவான் பக்கம் தேடலாம் (ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள பெரியபட்டினத்தில் கிடைத்த சீன ஓடுகளில் அந்த வகையும் உண்டு). அந்தப் பச்சைக்குக் காரணம், காற்று குறைந்த சூளையில் வெந்த இரும்பு. அடியில் கருநிற வட்டத் தழும்பு இருந்தால் தாய்லாந்தின் சி சட்சனாலையையும் பாருங்கள். குழாய் வடிவத் தாங்கியில் நிறுத்திச் சுட்ட அடையாளம் அது. வெளிர்மஞ்சள் மென்மண், ஈர விரலை உறிஞ்சி இழுக்கிறது, நிறம் நீலப்பச்சை என்றால் செம்பு சேர்த்த காரப் படலம்: தெற்கு ஈராக், ஈரான் பக்கம்.

அடியில் ஆங்கிலத்தில் "சைனா" என்றிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்டது அந்த ஆண்டிலிருந்துதான். சீன அரசர் முத்திரையை நம்ப வேண்டாம். பின்னால் வந்தவர்கள் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள்.

*

படலத்தில் வலைபோல் வெடிப்பு இருக்கிறது. "மயிரிழை விரிசல்" என்று எழுதலாமா?

*

வேண்டாம். அது உடல்வரை இறங்கிய விரிசல். தட்டினால் ஓசை மங்கும். உங்களுடையது "படலவெடிப்பு". ஆறும்போது படலம் உடலைவிட அதிகம் சுருங்கினால் இழுபட்டு வெடிக்கும். எதிர்மாறாகக் குறைவாகச் சுருங்கினால் விளிம்பில் செதில்செதிலாகக் கழலும்: "படல உரிவு". வெடிப்பைக் கண்டு பழமை என்று முடிவு கட்டாதீர்கள். சூளையிலிருந்து இறக்கிய அன்றே வெடிக்கும். தேநீரில் ஊறவைத்துக் கறை ஏற்றுபவர்களும் உண்டு.

*

அடி வெளிர்மஞ்சள், விரலை இழுக்கிறது. "நீலப்பச்சைக் கார உருகுபடலம், மென்மண் உடல், படலவெடிப்பு உண்டு" என்று மாற்றிவிட்டேன். "கார" என்றதும் பார்வையாளருக்கு மிளகாய் நினைவு வராதா?

*

ஜாடி என்றாலே ஊறுகாய்தானே ஐயா நினைவுக்கு வரும். "காரத்தன்மை" என்று நீட்டிவிடுங்கள்.