பள்ளி மொழி மன்றத்தில் ஜப்பானியம்: முதல் பருவத்தில் எதை, எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி

எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 22 பேர். வாரம் ஒரு நாள், 45 நிமிடம். கரும்பலகையும் ஒரு ஸ்பீக்கரும் உண்டு, வேறு வசதி இல்லை. எழுத்தை முதலில் எடுக்கலாமா, பேச்சையா? உச்சரிப்பைத் தமிழில் எழுதிப்போட்டால் பிள்ளைகளுக்கு உதவுமா? பெற்றோர் இப்போதே என்5 தேர்வைப் (ஜப்பானிய மொழித்திறன் தேர்வின் தொடக்க நிலை) பற்றிக் கேட்கிறார்கள். அதற்கு என்ன சொல்வது?

பதில் 1

டீச்சர், தமிழில் எழுதிப்போடுவதை மட்டும் செய்யாதீர்கள். நம் 'க' சொல்லின் நடுவில் தனியாக வந்தால் 'அகம்' என்பதில் போல மெலிந்துவிடும். ஜப்பானியத்தில் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் தனித்தனி எழுத்து, தனித்தனிப் பொருள். பெர்சிமன் பழத்தின் பெயரை (kaki) 'ககி' என்று எழுதினால் பிள்ளை வாசிப்பது சாவியின் பெயரை (kagi). சரிசெய்ய 'கக்கி' என்று எழுதினால் இல்லாத ஒற்று இரட்டிப்பு வந்துவிடும். ஜப்பானியத்தில் இரட்டிப்பும் பொருளை மாற்றும்: 'கிதெ' என்றால் 'வா', 'கித்தெ' என்றால் தபால்தலை. (நான் இங்கே தமிழில் எழுதுவது இந்தப் பதிவுக்காக மட்டும்.)

இதற்கு மருந்து கைதட்டல். ஒவ்வொரு ஒலி அலகுக்கும் ஒரு தட்டு. 'கிதெ' இரண்டு, 'கித்தெ' மூன்று, 'கொன்னிச்சிவா' ஐந்து, டோக்கியோ நான்கு (தோ-ஓ-கியோ-ஓ). 'ன்' தனித் தட்டு. குறில், நெடில் நம் பிள்ளைகளுக்குப் பழகியது என்பதால் இது சட்டென்று பிடிபடும்.

முதல் இரண்டு வகுப்பும் வணக்கம், அறிமுகம், எண்கள் எனக் காதால் மட்டும் போகட்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து ஹிரகானா (ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்துவகை). அடிப்படை எழுத்து 46. வாரத்துக்கு ஐந்து என்று போனால் பருவமே முடிந்துவிடும், முதலில் படித்ததும் மறந்துபோகும். வகுப்புக்குப் பத்து, வீட்டில் தினமும் பத்து நிமிடம். வரிசை அ, இ, உ, எ, ஒ; பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இந்திய எழுத்திலக்கணத்திலிருந்து பௌத்தர்கள் வழியாக அங்கே போன அடுக்கு என்பதால் நமக்கு அந்நியமாக இருக்காது. 46 முடிந்ததும் இரண்டு சிறு கோடோ ஒரு சிறு வட்டமோ சேர்த்தால் புதிய வடிவம் எதுவும் இல்லாமலே இன்னும் 25 எழுத்து கிடைக்கும்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நான்கு கட்டத்தை ஓர் எழுத்துக்கு ஒதுக்குங்கள். நடுவில் விழும் சிலுவைக்கோடு எழுத்தின் சமநிலையைக் காட்டும். 'கி', 'சா' இரண்டையும் கைப்பேசி எழுத்துருவைப் பார்த்து வரையவிடாதீர்கள். அச்சில் கீழ் வளைவு ஒட்டியிருக்கும், கையெழுத்தில் இடைவெளி விட வேண்டும். கதகானாவில் (பிறமொழிச் சொற்களை எழுதும் எழுத்துவகை) 'ஷி', 'த்சு' குழப்பம் எல்லா வகுப்பிலும் வரும். 'ஷி'யில் இரண்டு சிறு கோடும் ஒன்றின்கீழ் ஒன்று, நீளக்கோடு கீழிருந்து மேலே போகும். 'த்சு'வில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், நீளக்கோடு மேலிருந்து கீழே வரும். 'ன்', 'சொ' இரண்டுக்கும் இதே விதி. திசையைக் கவனித்தால் போதும், வடிவம் தானே சரியாக அமையும்.

பதில் 2 (யாழ்ப்பாணம்)

எழுத்துக்குத் தமிழ் உதவாது, உண்மை. ஆனால் இலக்கணத்தைத் தமிழிலேயே சொல்லிக் குடுங்கோ. ஆங்கிலம் வழியாகப் போனால் வீண் சுற்று. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். 'கரா' என்றால் 'இருந்து', 'மதெ' என்றால் 'வரை', 'மோ' என்றால் 'உம்', கடைசியில் வரும் 'கா' நம்முடைய வினா 'ஆ'. 'சென்சேய் மோ கிமாஸ் கா' என்பதைச் சொல்லுக்குச் சொல் 'ஆசிரியரும் வருகிறாரா' என்று வைக்கலாம். 'தபெதெ மிரு' அப்படியே 'சாப்பிட்டுப் பார்'.

கொரெ, சொரெ, அரெ, தொரெ நான்கும் எங்கடை இது, உது, அது, எது. கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது உது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு 'உது' பேச்சில் இல்லாததால் 'சொரெ'யில்தான் தடுமாறுவார்கள். ஒரு பென்சிலை எதிரில் நிற்பவர் கையில் குடுத்துவிட்டுக் கேள்வி கேளுங்கோ.

தமிழே குழிக்குள் தள்ளும் இடங்களும் உண்டு. 'பள்ளியில் இருக்கிறேன்', 'பள்ளியில் படிக்கிறேன்' இரண்டிலும் நமக்கு 'இல்'. அங்கே இருப்பதற்கு 'நி', செயல் நடக்கும் இடத்துக்கு 'தெ'. 'எனக்குப் பிடிக்கும்' என்பதைப் பிள்ளைகள் 'வதஷி நி' ('வதஷி' என்றால் நான்) என்று தொடங்குவார்கள், 'வதஷி வா' என்று திருத்துங்கோ. நாய் நமக்கு அஃறிணை. ஜப்பானியத்தில் 'இருக்கிறது' என்று சொல்ல உயிருள்ள மனிதருக்கும் விலங்குக்கும் 'இமாஸ்', பொருளுக்கும் மரத்துக்கும் 'அரிமாஸ்'. உருபாக வரும் 'வா'வை 'ஹா' எழுத்தால் எழுத வேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கோ.

பதில் 3

தேர்வு பற்றி: முதல் ஆண்டில் வேண்டாம். வாரம் 45 நிமிடம் என்றால் 30 வாரத்தில் 22½ மணி நேரம்தான். 2010க்கு முந்தைய நான்காம் நிலைதான் இன்றைய என்5. அதற்கு 150 மணி நேரப் படிப்பு, 800 சொல், 100 கன்ஜி (சீன வழி எழுத்து) என்று கணக்கு வைத்திருந்தார்கள். தேர்வு ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு. சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகை என்ற அமைப்பு நடத்துகிறது. 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் கேட்டலில் 60க்கு 19 வராவிட்டால் மொத்தம் எவ்வளவு எடுத்தாலும் தோல்விதான். பேச்சும் கையெழுத்தும் அதில் கிடையாது. உங்கள் மன்றத்துக்கு அவைதான் உயிர், அவற்றை விட்டுவிட்டு விடை குறிக்கப் பழக்காதீர்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. பிள்ளைகள் முதல் நாளே தங்கள் பெயரைக் கதகானாவில் கேட்கிறார்கள். ல, ள, ழ என்ன ஆகும்?

பதில் 1

மூன்றும் ர வரிசைக்குள் போய்விடும், 'தமிழ்' அங்கே 'தமிரு'. மெய்யில் முடியும் பெயருக்குப் பெரும்பாலும் உகரம் சேரும், 'த்', 'ட்' முடிவுக்கு ஒகரம். ஆனந்த் 'ஆனந்தொ' ஆவார். 'ன்' முடிவு மட்டும் மாறாது. நெடிலுக்கு எழுத்துக்குப் பின் ஒரு கிடைக்கோடு. பெயர் அட்டையை நீங்களே எழுதிக்கொடுத்து விடுங்கள், கதகானா பாடம் வரும்போது அவர்களே படித்துச் சரிபார்க்கட்டும். அறிமுகம் சொல்லும்போது தன் பெயரோடு 'சான்' சேர்க்கக் கூடாது. அது அடுத்தவரை அழைக்கும் மரியாதை.