உணவு மாறவில்லை, கொலஸ்ட்ரால் மட்டும் ஏறியது: தைராய்டா, மாதவிடாய் நின்றதா?

கேள்வி: காவிரிக்கரை

வணக்கம். எனக்கு வயது 49. பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். மாதவிடாய் நின்று ஒன்றரை ஆண்டு ஆகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) 118 ஆக இருந்தது. சென்ற மாதம் 167 ஆகிவிட்டது. எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரால்) 44, இரத்தத்திலுள்ள இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 190. எண்ணெய்ப் பலகாரங்களை முன்பைவிடக் குறைத்திருக்கிறேன், காலையில் நாற்பது நிமிடம் நடக்கவும் செய்கிறேன். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சரியாக உள்ளன. அதே தாளில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 12.4 என்று இருக்கிறது.

நான் பார்த்த மருத்துவர் கொலஸ்ட்ரால் எண்ணைப் பார்த்து அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதித் தந்தார். தைராய்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. வெளியே காத்திருந்த கூட்டத்தைப் பார்த்து நானும் கேட்காமல் வந்துவிட்டேன். வீட்டில் என் நாத்தனாரோ, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சுரக்கும்வரை பெண்களுக்கு மாரடைப்பு வராது என்றும், அது நின்றுவிட்டதால் ஹார்மோன் மாத்திரை போட்டுக்கொண்டால் கொலஸ்ட்ரால் தானே இறங்கும் என்றும் சொல்கிறார். தைராய்டுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் தொடர்பு உண்டா? ஸ்டாட்டினை இப்போதே தொடங்க வேண்டுமா? நாத்தனார் சொல்வது சரிதானா?

பதில்: ஓய்வுபெற்ற பொதுமருத்துவர்

அம்மா, உங்கள் தாளில் முதலில் கண்ணில் பட வேண்டிய எண் 12.4 என்பதே என் கருத்து. டி.எஸ்.எச். இப்படிக் கூடியிருந்தால், பெரும்பாலும் தைராய்டு ஹார்மோன் போதிய அளவு சுரக்கவில்லை என்று பொருள்.

கல்லீரல் செல்களின் மேற்பரப்பில், இரத்தத்தில் மிதந்து வரும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஏற்பிகளைப் போதிய அளவில் உண்டாக்கும்படி கல்லீரலைத் தூண்டுவதில் தைராய்டு ஹார்மோனுக்குப் பெரும் பங்கு உண்டு. அது குறையும்போது கல்லீரல் கொலஸ்ட்ராலை உற்பத்தி செய்வதுகூடச் சற்றுக் குறைகிறது. ஆனால் இரத்தத்திலிருந்து அதை அகற்றும் வேலை அதைவிட அதிகமாக மந்தப்பட்டுவிடுவதால், முடிவில் எல்.டி.எல். ஏறுகிறது. உணவைக் குறைத்தும் எண் இறங்காமல் இருப்பதற்கு இது போதுமான காரணம். ஈஸ்ட்ரோஜனும் இதே ஏற்பிகளைப் பெருக்கும் தன்மை உடையது. ஆகவே உங்களுக்குக் கல்லீரலின் இரண்டு தூண்டுகோல்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தளர்ந்திருக்கின்றன.

எனவே டி.எஸ்.எச். பரிசோதனையை ஃப்ரீ டி4 (இரத்தத்திலுள்ள தைராய்டு ஹார்மோன் அளவு) பரிசோதனையுடன் மீண்டும் ஒருமுறை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். டி.எஸ்.எச். மறுபடியும் 10-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தைராய்டு ஹார்மோனை ஈடுசெய்யும் தைராக்ஸின் மாத்திரை தொடங்குவார்கள். அளவு சரியாகிய பின் கொலஸ்ட்ராலை மறுபடி பார்த்து, எஞ்சி நிற்கும் எண்ணுக்கு ஸ்டாட்டின் தேவையா என்று முடிவு செய்யலாம். இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு: தைராய்டு குறைபாட்டைச் சரிசெய்யாமல் ஸ்டாட்டின் கொடுத்தால் தசைவலியும் தசைச் சிதைவும் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், எல்.டி.எல். 190-ஐத் தாண்டியவர்கள் ஆகியோர் இதைப் படித்துவிட்டுத் தம் ஸ்டாட்டினை நிறுத்திவிடக் கூடாது. அவர்களுடைய கணக்கே வேறு.

இனி உங்கள் நாத்தனாரின் வாதம். மருத்துவ உலகமே ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் நம்பியது, ஆகவே அவரைக் குறை சொல்ல மாட்டேன். இதய நோய் ஏற்கெனவே இருந்த, மாதவிடாய் நின்ற 2,763 பெண்களிடம் ஹார்மோன் மாத்திரையைச் சோதித்த ஓர் ஆய்வின் முடிவு 1998-இல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களுக்கு எல்.டி.எல். 11 சதவீதம் குறைந்திருந்தது, எச்.டி.எல். 10 சதவீதம் உயர்ந்திருந்தது. தாளில் பார்த்தால் அருமையான மருந்து. ஆனால் சராசரியாக நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு எண்ணிப் பார்த்தபோது மாரடைப்புகள் குறைந்திருக்கவில்லை. முதல் ஆண்டில் இதய நிகழ்வுகள் கூடவும் செய்தன, சிரைகளில் (இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களில்) இரத்தம் உறைவதும் அதிகரித்தது. பின்னர் 16,608 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வின் கூட்டு ஹார்மோன் (ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த) பிரிவை, நன்மையைவிடத் தீமை மிகுந்ததால் 2002-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். உடற்சூட்டாலும் இரவு வியர்வையாலும் தவிக்கும் பெண்களுக்கு, மாதவிடாய் நின்ற பத்து ஆண்டுகளுக்குள் ஹார்மோன் சிகிச்சை தருவது இன்றும் பொருத்தமானதே. இதயத்தைக் காக்க என்று மட்டும் அதைத் தருவதில்லை. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் ட்ரைகிளிசரைடைக் கூட்டும் என்பதையும், உங்களுக்கு அது ஏற்கெனவே 190 என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆண்களிடமும் இதே பாடத்தை முன்னதாகவே படித்திருக்கிறார்கள். மாரடைப்பு வந்து பிழைத்த 8,341 ஆண்களை வைத்து 1960-களில் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஈஸ்ட்ரோஜனும், இன்னொரு பிரிவினருக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஒருவகைத் தைராய்டு ஹார்மோனும் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் குறைந்தும்கூட, தீங்கு தென்பட்டதால் அந்தப் பிரிவுகளை முன்கூட்டியே நிறுத்த நேர்ந்தது. குறைபாடு இருப்பவருக்குத் தைராக்ஸினை ஈடுசெய்வது சிகிச்சை; குறைபாடே இல்லாதவர் கொலஸ்ட்ராலை இறக்க அதை விழுங்குவது இதயத்துடிப்பைக் கெடுக்கும் விஷப்பரீட்சை.

பதில்: தேன்சிட்டு

எனக்கும் இப்படித்தான் நடந்தது. எல்.டி.எல். 182 இருந்தது, தைராக்ஸின் தொடங்கி ஐந்து மாதங்களில் ஸ்டாட்டின் இல்லாமலேயே 134-க்கு வந்தது. ஆனால் முதல் இரண்டு மாதங்கள் எந்த மாற்றமும் தெரியவில்லை. மாத்திரையைக் காலைக் காபியோடு விழுங்கிக்கொண்டிருந்தேன் என்பதும், கால்சியம் மாத்திரையையும் அப்போதே போட்டேன் என்பதும்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கால்சியத்துக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். முதல் டிகாக்‌ஷனை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது எங்கள் வீட்டில் சிறிய காரியமில்லை.

பதில்: வைகை வாசகி

மாற்று அனுபவம் ஒன்றையும் பதிவு செய்கிறேன். எனக்குத் தைராய்டு சரியாகவே இருந்தது. ஆனாலும் மாதவிடாய் நின்ற ஓராண்டில் எல்.டி.எல். 40 புள்ளிகள் ஏறியது. கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டுக் காலத்தில்தான் இந்த ஏற்றம் கூர்மையாக இருக்கும் என்றும், அது பலருக்கும் நிகழ்வதுதான் என்றும் என் மருத்துவர் விளக்கினார். இரத்த அழுத்தமும் இருந்ததால் எனக்கு ஸ்டாட்டின் தேவைப்பட்டது. ஆகவே தைராய்டைச் சரிசெய்த பிறகும் உங்கள் எண் பழைய 118-க்கே திரும்பும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

காவிரிக்கரை

அனைவருக்கும் நன்றி. ஸ்டாட்டின் சீட்டோடு மருத்துவரிடம் மறுபடி சென்று தைராய்டைப் பற்றிக் கேட்கப் போகிறேன். டாக்டர் ஐயாவிடம் ஒரு சந்தேகம்: முடி கொட்டுவதற்காக மூன்று மாதங்களாகப் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால் டி.எஸ்.எச். தவறாக வந்திருக்குமா?

பதில்: ஓய்வுபெற்ற பொதுமருத்துவர்

நல்ல கேள்வி. அதிக அளவிலான பயோட்டின் சில பரிசோதனை முறைகளைக் குழப்புகிறது, அப்போது டி.எஸ்.எச். பெரும்பாலும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். உங்களுடையது கூடுதலாக வந்திருப்பதால் பயோட்டினைக் காரணம் சொல்லித் தள்ளிவிட முடியாது. உண்மை எண் இன்னும் அதிகமாகக்கூட இருக்கலாம். அடுத்த பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு, இரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். முடி கொட்டுவதற்கும் தைராய்டே காரணமாக இருக்கலாம் என்பதால், அந்த மாத்திரைக்குச் செலவு செய்வதை முடிவு வரும்வரை நிறுத்திவைக்கலாம்.