பொருள்: நரம்பிணைப்பு… களைவா, கழிப்பா, கவாத்தா?

அன்பின் நண்பர்களுக்கு,

நம் கலைச்சொல் பட்டியலில் சினாப்ஸுக்கு (ஒரு நரம்பணு அடுத்ததற்குச் சேதி கடத்தும் இடம்) ‘நரம்பிணைப்பு’ என்று முடிவாகிவிட்டது. (நடுவே ஏறத்தாழ 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கையில் அதை இணைப்பு எனலாமா என்ற பழைய சண்டை வேண்டாம்.) அடுத்து, வளரிளம்பருவ மூளைப் பாடத்தில் அடிக்கடி வரும் ‘சினாப்டிக் ப்ரூனிங்’, அதாவது வளரும் மூளை மிகுதியான இணைப்புகளைக் குறைத்துக்கொள்வது. ‘நரம்பிணைப்புக் களைவு’ என முன்மொழிகிறேன். சின்னச் சொல், நல்ல தமிழ்.

———

> ‘நரம்பிணைப்புக் களைவு’

ஐயா, களை என்றாலே வேண்டாத செடி. இங்கே நீங்குபவை நல்ல இணைப்புகள்தாம். குழந்தைப் பருவத்தில் தேவைக்கு மேல் முளைத்தவற்றுள் போதிய அளவு பயன்படாதவை. நரம்பியல் ஆய்வாளர் ஹட்டன்லாக்கர் 1979-இல் வெளியிட்ட கணக்கில், நெற்றிமடல் புறணியின் (மூளையின் முன்பகுதி மேலடுக்கு) இணைப்பு அடர்த்தி 1–2 வயதில் உச்சம் தொடுகிறது. பெரியவர்களின் சராசரியைவிட சுமார் 50% கூடுதல். பிறகு 16 வயதுவரை இறக்கம். பார்வைப் புறணிக்கு உச்சம் 8 மாதத்திலேயே வந்துவிடும். பின்வந்த ஆய்வுகளின்படி, திட்டமிடுதலையும் அவசரத்தை அடக்குதலையும் பார்த்துக்கொள்ளும் முன்னெற்றிப் புறணியில் இந்த வேலை இருபதுகளிலும் நடக்கிறது.

இன்னொன்று: ‘களைவு’ என்று படிக்கும் மாணவர் நரம்பணுவே செத்துப்போகிறது என்று எடுத்துக்கொள்வார். மரம் நிற்கிறது, கிளைதான் போகிறது. அதற்குத் தோட்டத்தில் வழங்கும் சொல் ‘கவாத்து’.

———

கவாத்து அரபு வழி வந்த சொல். படைப்பயிற்சிக்கும் அதுவே பெயர். ‘கிளை கழித்தல்’ என்று நமக்கே வழக்கு இருக்கிறதே, ‘கழிப்பு’ ஆகாதா?

———

‘நரம்பிணைப்புக் கழிப்பு’ என்று தலைப்புப் போட்டால் வகுப்பில் சிரிப்புதான் வரும்; கழிப்பறையைத் தாண்டி அந்தச் சொல் நகராது. ‘நீக்கம்’ போட்டால் கட்டணம் கட்டாத தொலைபேசி.

கவாத்தின் பிறப்பு எதுவானாலும், வேளாண் நூல்களில் அது ஊன்றிவிட்ட சொல். பொருத்தமும் ஆழமானது. கவாத்துக்கு ஒரு வெட்டும் கை வேண்டும். மூளையில் அது மைக்ரோகிளியா என்னும் நோயெதிர்ப்பு அணு. சி1க்யூ, சி3 என்னும் நிரப்புப் புரதங்கள் பலவீனமான இணைப்பில் ஒட்டி அடையாளமிட, மைக்ரோகிளியா அதை விழுங்குகிறது. எலியின் பார்வைப் பாதையில் இது தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது.

கலைச்சொல்லுக்கு உண்மையான சோதனை அதன் கிளைச்சொற்கள். ‘மிகைக் கவாத்து’: மனச்சிதைவுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று 1982-லேயே ஃபைன்பெர்க் கருதினார், அதே நிரப்புப் புரத வகையைச் சேர்ந்த சி4-இன் மரபணுவில் சில வடிவங்கள் அந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று 2016-இல் தெரியவந்தது. ‘குறைக் கவாத்து’: ஆட்டிசம் பற்றிய சில ஆய்வுகள் இந்தத் திசையில் போகின்றன. இரண்டிலும் ‘காரணமாகலாம்’ என்பதை மொழிபெயர்ப்பில் விழுங்கிவிடாதீர்கள். ‘மிகைக் களைவு’ என்று சொல்லிப் பாருங்கள், இந்தப் பொருள் வராது.

———

கவாத்துக்கு என் வாக்கு. ஆனால் தூக்கப் பாடத்தில் இதை இழுத்துவிட வேண்டாம். ஆழ்தூக்கத்தில் நடப்பதாகத் தூக்க ஆய்வாளர்கள் டோனோனியும் சிரெல்லியும் சொல்வது வேறு: பகலில் கற்றதால் வலுத்த இணைப்புகள் இரவில் ஓரளவு தளர்கின்றன. 2017-இல் எலிப் புறணியில் அளந்தபோது, தூக்கத்துக்குப் பின் இணைப்புப் பரப்பு சராசரியாக 18% சுருங்கியிருந்தது. மிகப் பெரிய இணைப்புகள் மட்டும் சுருங்கவில்லை. இணைப்பு இருக்கிறது, வலுதான் இறங்குகிறது. வானொலியின் ஒலியைக் குறைப்பது போல. இதற்கு ‘இணைப்புத் தணிப்பு’ போதும். இரண்டையும் ஒரே சொல்லில் எழுதினால், ‘ஒரு ராத்திரி தூங்கினால் மூளை இணைப்பு போய்விடுமா’ என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

———

சரி, களைவைத் திரும்பப் பெறுகிறேன். சொற்பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

நரம்பிணைப்புக் கவாத்து: வளர்ச்சியின்போது குறைவாகப் பயன்படும் நரம்பிணைப்புகள் தேர்ந்து அகற்றப்படுதல், நரம்பணு அழிவதில்லை. ‘தணிப்பு’ காண்க.

வல்லொற்று மிகும், விட்டுவிடாதீர்கள். வினை ‘கவாத்தாகும்’. ‘கவாத்து செய்யும்’ என்பதை மைக்ரோகிளியா எழுவாயாக வரும் இடத்துக்கு வைத்துக்கொள்வோம். நரம்பிழையே (ஆக்ஸான்) பின்வாங்கும் இடங்களுக்கு ‘இழைக் கவாத்து’ சரியா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.