கணவருடன் வரும் நோயாளியிடம் வன்முறை பற்றிக் கேட்பது எப்படி?

கேள்வி (பல் மருத்துவர், ஈரோடு மாவட்டம்)

சென்ற வாரம் முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர், மேல் முன்பல் பாதியாக உடைந்த நிலையில் என் கிளினிக்குக்கு வந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னவர் அவருடைய கணவர். நான் கேட்ட கேள்விகள் அனைத்துக்கும் அவரே பதில் சொன்னார். உதட்டின் உட்புறத்தில் புதிய கிழிசல் இருந்தது. தாடையோரத்திலோ மஞ்சளாக மாறத் தொடங்கிய பழைய கன்றல். இரண்டும் ஒரே நாளில் பட்ட அடியாக இருக்க முடியாது என்று தெரிந்தும், எதுவும் கேட்காமல் தற்காலிகமாகப் பல்லை அடைத்து அனுப்பிவிட்டேன். அது இன்றுவரை உறுத்துகிறது. வேர் சிகிச்சைக்காக வியாழக்கிழமை வருகிறார். நான் என்ன கேட்கலாம்? சட்டப்படி என் கடமை என்ன?

பதில் 1 (ஓய்வுபெற்ற அரசுப் பல் மருத்துவர்)

டாக்டர், எக்ஸ்ரே எடுக்கும்போது உடன் வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்பது வழக்கமான நடைமுறை என்பதால், அதில் யாருக்கும் சந்தேகம் எழாது. அந்த இரண்டு நிமிடங்களில், "இப்படி அடிபட்டு வருகிற எல்லாரிடமும் நான் கேட்பதுதான்மா, வீட்டில் யாராவது கை வைக்கிறார்களா?" என்று தணிந்த குரலில் கேளுங்கள். இல்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். "எப்போது வேண்டுமானாலும் என்னிடம் சொல்லலாம்" என்பதோடு நிறுத்துங்கள். ஆம் என்றால், "இது உங்கள் தவறு அல்ல" என்பதை முதலில் சொல்லுங்கள். வீட்டைவிட்டு வெளியேறும்படி மட்டும் நாமாக அறிவுரை கூறக் கூடாது, ஏனெனில் பிரிய முனையும் வேளையில்தான் ஆபத்து மிகுதி. வேர் சிகிச்சைக்கு இரண்டு மூன்று முறை வரவழைக்க முடிவது நமக்கு நல்வாய்ப்பு. முதல் முறை மறுத்தவர் மூன்றாம் முறை பேசியதை நான் பார்த்திருக்கிறேன்.

பதில் 2 (வழக்கறிஞர்)

பல் முறிவதும் இடம்பெயர்வதும் பாரதிய நியாய சம்ஹிதாவின் 116ஆம் பிரிவின்படி கொடுங்காயமாகும். பழைய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவும் இதையே சொன்னது. ஆகவே உங்கள் கேஸ் ஷீட் நாளை நீதிமன்றத்தில் பேசக்கூடிய ஆவணம். எந்தப் பல், எவ்வளவு முறிந்தது, கன்றலின் அளவும் நிறமும் என்ன என்பவற்றை எழுதுங்கள். அவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே குறித்துக்கொண்டு, சம்மதம் பெற்றுப் படமும் எடுத்து வையுங்கள்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, வன்முறை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம் என்கிறது. நல்லெண்ணத்துடன் தெரிவித்தவர் மீது வழக்குத் தொடர முடியாது. ஆயினும் வயது வந்த பெண்ணின் விருப்பத்தை அறியாமல் அதைச் செய்வது அவரையே ஆபத்தில் தள்ளக்கூடும். அவர் சம்மதித்தால் மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரை அணுகுங்கள். புகார் கொடுக்க விரும்பினால் அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) பெற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதில் 3 (பல் கிளினிக் வரவேற்பாளர்)

மருந்துச்சீட்டில் 181 என்ற மகளிர் உதவி எண்ணை எழுதிவிடாதீர்கள் டாக்டர், அந்தச் சீட்டு மருந்துக்கடைக்குப் போகும்போது பெரும்பாலும் கணவர் கையில்தான் இருக்கும். நாங்கள் அந்த எண்ணைப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறோம். அடுத்த தேதியை நினைவூட்ட எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டு வைத்துக்கொள்வோம். வேறு யாராவது எடுத்தால் தேதியை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவோம்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. முதல் நாள் பார்த்தவற்றை நினைவிலிருந்து எழுதி, எழுதிய தேதியையும் குறித்துவிட்டேன். ஒரே அமர்வில் முடிக்க நினைத்திருந்த வேர் சிகிச்சையை மூன்று அமர்வுகளாகப் பிரிக்கிறேன். வியாழக்கிழமை முதல் வேலை எக்ஸ்ரே.