ஆய்வுக்கட்டுரையில் யார் பெயர்? திருகோணமலையிலிருந்து சில அனுபவங்கள்

தாதிய உத்தியோகத்தர், உப்புவெளி:

நீரிழிவுக் கால்புண் பற்றிய ஓர் ஆய்வில் வேலை செய்தேன். எந்த வைத்தியசாலை என்பது வேண்டாம். வினாக்கொத்தில் வயது, சீனியின் அளவு, புகைத்தல் எல்லாம் இருந்தன. காலில் என்ன அணிகிறார்கள் என்ற கேள்வி மட்டும் இல்லை. திருக்கடலூர் ஐயா ஒருவருக்கு மருந்து கட்டும்போது, "செருப்போட கரைவலை இழுக்க ஏலுமா மிஸ்ஸி?" என்று கேட்டார். உணர்ச்சி மரத்த பாதத்தைச் சுடுமணலும் சிப்பியும் என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னது நான். புண்களை அளந்ததும், அட்டவணைகள் வந்தபோது வைத்தியரோடு இருந்து பொருள் பார்த்ததும் நான்தான்.

கட்டுரையின் முக்கிய முடிவே வெறுங்கால் வேலையைப் பற்றியதாக வந்தது. என் பெயர் நன்றியுரையில் இருந்தது. ஆசிரியர் வரிசையில் மூன்றாவதாக இருந்தவர் அந்த விடுதிப் பக்கமே வராதவர். கேட்டபோது, "நீங்க எழுதேல்லையே தங்கச்சி" என்றார்கள். எனக்கு வரைவையே காட்டவில்லை, பிறகு எப்படி எழுதுவது?

மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவின் விதிகளைத் தேடி வாசித்தேன். 1978இல் வான்கூவரில் கூடிய சஞ்சிகை ஆசிரியர்களிலிருந்து வளர்ந்த குழு அது. கட்டுரையை எழுதியவராக ஒருவர் பெயர் வர அது வைக்கும் நிபந்தனைகள் இவை: ஆய்வை வடிவமைப்பதில், அல்லது தரவைத் திரட்டுவதில், ஆராய்வதில் அல்லது பொருள் காண்பதில் கணிசமான பங்கு. எழுதுவது அல்லது ஆழமாகத் திருத்துவது. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்பது. கடைசியது 2013இல் சேர்ந்தது. நான்கும் வேண்டும். நிதி தேடித் தந்ததோ பிரிவுத் தலைவராக இருந்ததோ மட்டும் போதாது. இவ்வளவும் பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாத வரி ஒன்று உண்டு: முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்கு மற்றவற்றையும் நிறைவேற்ற வாய்ப்புத் தரவேண்டும், வாய்ப்பை மறுத்துவிட்டு இதே விதிகளைக் காட்டி அவரை விலக்கக் கூடாது. தாதிமாரும் ஆய்வுகூடக்காரரும் பிஎச்ஐமாரும் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) இந்த வரியைக் கையில் வைத்திருங்கள். (படிவம் நிரப்பியதோடு நின்றவருக்கு நன்றியுரைதான் சரியான இடம். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.)

வைத்திய அதிகாரி, மூதூர்:

எனக்கு நடந்தது இதற்கு மறுபக்கம். ஒரு டெங்குக் கட்டுரையின் இணை ஆசிரியர் நீங்கள், உறுதிப்படுத்துங்கள் என்று சஞ்சிகையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நோயாளிகளை அனுப்பிவைத்தது தவிர அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. "பதவி உயர்வுக்கு உதவும், விடு தம்பி" என்றார் ஒரு சேர். அதில் ஓர் எண் பிழைத்தால் நானும் பதில் சொல்லவேண்டும். மூலத் தரவை நான் கண்டதேயில்லை. பெயரை எடுக்கும்படி எழுத்தில் கேட்டேன், எடுத்தார்கள்.

சித்த மருத்துவ மாணவி, கோணேசபுரி:

அக்கா, வெளிவந்த கட்டுரைக்கு இனி ஏதும் செய்யலாமா?

தாதிய உத்தியோகத்தர், உப்புவெளி:

செய்யலாம் தங்கச்சி. முதலில் தொடர்பு ஆசிரியருக்கு, அதாவது கட்டுரைக்காகச் சஞ்சிகையோடு தொடர்பு வைப்பவருக்கு, எழுத்தில் கேளுங்கள். பெயர் சேர்க்கவோ நீக்கவோ சஞ்சிகைகள் எல்லா ஆசிரியர்களின் கையொப்பத்தையும் கேட்கும். தகராறு என்றால் சஞ்சிகை தீர்ப்புச் சொல்லாது, நிறுவனத்தை விசாரிக்கச் சொல்லும். அதனால் கையெழுத்துக் குறிப்பு, மின்னஞ்சல், திகதியிட்ட வரைவு எதையும் வீசாதீர்கள். அடுத்த ஆய்வில், நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே யார் எதைச் செய்வது, யார் பெயர் எங்கே என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையொப்பமிட்டோம். இடையில் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனார். அப்போது தாளைத் திருத்தி, காரணத்தையும் அதிலேயே எழுதினோம்.